தண்டு வலிக்கும் உடம்பு எவ்வளவு எரிக்கிறது? வாசகர் கேள்வி பதில்

தண்டு, அதாவது துடுப்பு, வலிக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் எவ்வளவு பயனாகிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். பாம்பன் தொடங்கி தொண்டி வரை பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த இதழில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறோம்.

இராமநாதபுரத்தில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் கான்செப்ட் 2 துடுப்பு இயந்திரத்தில் 500 மீட்டருக்கு 2 நிமிடம் 15 வினாடி என்ற வேகத்தில் வலிக்கிறேன். திரையில் 142 வாட் என்றும், மணிக்கு 790 கலோரி என்றும் காட்டுகிறது. கலோரியை வாட்டாக மாற்றி வகுத்தால் 15.5 சதவீதம் வருகிறது. என் உடலின் செயல்திறன் இதுதானா?
– கல்லூரி மாணவர், இராமநாதபுரம்

இல்லை. உங்கள் கணக்கில் பிழை இல்லை. மணிக்கு 790 கிலோகலோரி (திரை கலோரி என்று காட்டுவது இதைத்தான்) என்பது 918 வாட், 142-ஐ அதால் வகுத்தால் 15.5 சதவீதம்தான். ஆனால் அந்த 790-ஐ இயந்திரம் அளக்கவே இல்லை. வாட்டை 3.44-ஆல் பெருக்கி, அதோடு 300-ஐக் கூட்டிப் போடுகிறது. ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 0.86 கிலோகலோரி. அதை நான்கால் பெருக்கினால் 3.44. நான்கால் பெருக்குவது ஏனென்றால், உடலின் செயல்திறன் 25 சதவீதம் என்று இயந்திரம் முன்கூட்டியே வைத்துக்கொண்டிருக்கிறது. 300 என்பது உடல் சும்மா இருந்தாலும் ஆகும் செலவுக்கும், இருக்கையில் முன்னும் பின்னும் போய்வரும் செலவுக்கும் பொதுவாகப் போட்ட தொகை.

அதனால் 48 கிலோ எடையுள்ள பெண் 142 வாட்டில் வலித்தாலும் 15.5, 95 கிலோ ஆள் வலித்தாலும் 15.5. 200 வாட்டில் யார் வலித்தாலும் 988 கலோரி என்றே காட்டும், வகுத்தால் 17.4 வரும். கூடிய அந்த இரண்டு சதவீதம் சூத்திரத்தால் வந்தது, உங்கள் பயிற்சியால் வந்ததல்ல.

வாட் எண்ணை மட்டும் தாராளமாக நம்பலாம். ஒவ்வொரு வலிப்புக்குப் பிறகும் காற்றாடிச் சக்கரம் எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று பார்த்து, அன்றைய காற்றுத் தடையை இயந்திரம் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்கிறது. கூண்டில் தூசி அடைத்திருந்தாலும், காற்றைக் கூட்டிக் குறைக்கும் பக்கவாட்டு நெம்புகோலை 3-ல் வைத்தாலும் 8-ல் வைத்தாலும் வாட் மாறாது. வேகத்திலிருந்து நீங்களே சரிபார்க்கலாம். 135 வினாடியை 500-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.27 வினாடி. அதன் முப்படி 0.0197. இயந்திரத்தின் சூத்திரத்தில் உள்ள மாறா எண்ணான 2.80-ஐ அதால் வகுத்தால் 142.

இயந்திரத்துக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு. சக்கரத்துக்கு வந்து சேர்ந்ததைத்தான் அது எண்ணும். கைப்பிடிக்கும் சக்கரத்துக்கும் இடையில் சங்கிலியில் போகும் உராய்வு அதன் கணக்கில் வராது. நம் பக்கத்து உப்புக் காற்றில் சங்கிலி சீக்கிரம் துருப்பிடிக்கும். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தரம் துணியால் துடைத்து எண்ணெய் போட வேண்டும். துரு ஏறிய சங்கிலியில் சோதனை செய்தால் உங்கள் உடல் மேல் இல்லாத பழி விழும்.

அப்படியானால் உண்மையாக அளக்க என்ன வேண்டும்? எங்கள் கல்லூரியில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளக்கும் கருவி இருக்கிறது. மூச்சுப் பை வாங்கிக்கொள்ளலாம். படிப்படியாகச் சொல்லுங்கள்.
– உடற்கல்வி ஆசிரியை, மண்டபம்

அது இருந்தால் போதும். வெளிவிடும் மூச்சைப் பையில் பிடித்து அளக்கும் முறையை சி.ஜி. டக்ளஸ் 1911-ல் அறிமுகப்படுத்தினார். அந்தப் பைமுறை இன்றும் ஒழுங்காகச் செய்தால் விலை உயர்ந்த கருவிகளுக்குச் சளைத்ததல்ல. துடுப்புக்காரர்களை இப்படி மூச்சை வைத்து அளப்பதும் புதிதல்ல. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் வென்ற யேல் பல்கலைக்கழகக் குழுவைப் பற்றி ஹெண்டர்சனும் ஹாகார்டும் 1925-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

தேவையானவை: 100 அல்லது 150 லிட்டர் பை, உள்ளே ஒரு வழியாகவும் வெளியே மறு வழியாகவும் காற்று போகும் வாய்க்குழல், மூக்குக் கவ்வி, மூச்சைப் பைக்கோ வெளியிலோ திருப்பும் மும்முனைத் திருகு, பையின் காற்றை அளக்கும் மீட்டர், வெப்பமானி, காற்றழுத்தமானி, நிறுத்துக் கடிகாரம். குழாயைத் தலைக்கு மேலிருந்து தொங்கவிடுங்கள். தரையில் கிடந்தால் முட்டி மடங்கி வரும்போது அதில் இடிக்கும். வலிப்பவர் உடனே குழாய்க்கு இடம்விட்டு வலிக்கத் தொடங்குவார், அசைவே மாறிப்போகும்.

மாணவர் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். டீ, காபி கூடாது. முதலில் இயந்திரத்தின் இருக்கையிலேயே பத்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, அடுத்த ஐந்து நிமிடம் அவர் வெளிவிடும் மூச்சைப் பையில் பிடியுங்கள். ஓய்வுச் செலவு இது. பிறகு 80 வாட்டில் ஆறு நிமிடம், 110-ல் ஆறு நிமிடம், 140-ஐ ஒட்டி ஆறு நிமிடம். ஒவ்வொரு கட்டத்திலும் முதல் மூன்று நான்கு நிமிட மூச்சு வேண்டாம். வேலை தொடங்கியதும் ஆக்சிஜன் உடனே ஏறாது, பின்தங்கித்தான் வரும். அந்த நேரத்தில் பிடித்தால் செலவு குறைவாகத் தெரிந்து செயல்திறன் பொய்யாக உயர்ந்து நிற்கும். ஐந்தாம் நிமிடத்தில் திருகைத் திறந்து, ஒரு நிமிடத்தை ஒட்டி, ஒரு மூச்சு முழுதும் வெளியே வந்த இடத்தில் மூடுங்கள். சரியாக 60 வினாடிக்கு மூட வேண்டும் என்பதில்லை, 57 ஆனாலும் 63 ஆனாலும் ஆன வினாடியைச் சரியாக எழுதுவதுதான் முக்கியம். துடுப்பு வலிப்பவர் வலிப்போடு சேர்த்துத்தான் மூச்சு விடுவார், பாதி மூச்சில் மூடினால் கணக்கு கெடும். அந்த ஒரு நிமிடத்தின் சராசரி வாட்டைத்தான் எழுத வேண்டும், ஆறு நிமிடச் சராசரியை அல்ல.

இனி நம் கடற்கரைக்கே உரிய இரண்டு பிழைகள். நல்ல கருவி வைத்திருப்பவர்களும் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

ஒன்று, கன அளவு. பையில் இருக்கும் காற்று சூடானது, ஈரம் நிறைந்தது. அதை 0 டிகிரி, 760 மில்லிமீட்டர் அழுத்தம், ஈரமற்ற நிலை என்ற பொது அளவுக்கு மாற்ற வேண்டும். அறை 32 டிகிரி என்றால் நீராவி அழுத்தம் மட்டுமே ஏறத்தாழ 36 மில்லிமீட்டர். 273-ஐ 305-ஆல் வகுத்து, 760-ல் அந்த 36 போக மிஞ்சும் 724-ஐ 760-ஆல் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் 0.853. மீட்டர் 58.6 லிட்டர் காட்டினால் கணக்குக்கு எடுக்க வேண்டியது 50 லிட்டர்தான். இதைச் செய்யாமல் விட்டால் ஆக்சிஜன் செலவு 17 சதவீதம் கூடுதலாகத் தெரியும்.

இரண்டு, ஈரம். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.93 சதவீதம் என்பது உலர்ந்த காற்றுக்கு. 32 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் இருந்தால், உலர்த்தாத காற்றில் அது 20.2-தான். கருவிக்குப் போகும் குழாயில் சிலிக்கா ஜெல் அல்லது கால்சியம் குளோரைடு அடைத்த உலர்த்தி கட்டாயம். நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் அதைக் காயவைக்க வேண்டும் என்று பொருள். காலையில் போட்டது பகலுக்குள் நிறம் மாறிவிடுகிறதா என்று ஒவ்வொரு பைக்கும் முன்னால் பாருங்கள். பையை மூடிய பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் அளந்துவிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு பையின் சுவர் வழியே மெல்லக் கசிந்துவிடும்.

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். 142 வாட் கட்டத்தில், நிமிடத்துக்கு வெளிவிட்ட காற்று, மாற்றிய பிறகு, 50 லிட்டர். அதில் ஆக்சிஜன் 16.5 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 4.2. மீதி 79.3 நைட்ரஜன். நைட்ரஜனை உடல் எடுப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. வெளிக்காற்றில் அது 79.03. ஆகவே உள்ளிழுத்த காற்று 50 பெருக்கல் 79.3 வகுத்தல் 79.03, அதாவது 50.17 லிட்டர். அதில் இருந்த ஆக்சிஜன் 10.50 லிட்டர், வெளியே வந்தது 8.25. உடல் எடுத்துக்கொண்டது நிமிடத்துக்கு 2.25 லிட்டர். வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடு, உள்ளிழுத்த காற்றில் இருந்த சிறிதளவைக் கழித்தால், 2.08. இரண்டின் விகிதம் 0.92.

வியர் என்பவர் 1949-ல் தந்த சமன்பாடு இருக்கிறது. ஆக்சிஜன் லிட்டரை 3.941-ஆலும் கார்பன் டை ஆக்சைடு லிட்டரை 1.106-ஆலும் பெருக்கிக் கூட்டினால் கிலோகலோரி கிடைக்கும். இங்கே நிமிடத்துக்கு 11.17 கிலோகலோரி. வாட்டில் 779. பயனாக வந்த 142-ஐ 779-ஆல் வகுத்தால் 18.2 சதவீதம். துடுப்பு இயந்திரத்தில் 16 முதல் 22 வரை வந்தால் அளவு ஏற்கத்தக்கது. 30 வந்தால் பெருமைப்படாதீர்கள், எங்கோ காற்று கசிகிறது. வாய்க்குழல் ஓரத்தையும் மூக்குக் கவ்வியையும் முதலில் பாருங்கள். வியர்வையில் கவ்வி வழுக்குவதுதான் வழக்கமான காரணம்.

கார்பன் டை ஆக்சைடை ஆக்சிஜனால் வகுத்த அந்த விகிதம் 1-ஐத் தாண்டினால் அந்தக் கட்டத்தைத் தள்ளிவிடுங்கள். தசைகள் ஆக்சிஜன் இல்லாமலும் ஆற்றல் எடுக்கத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அந்தச் செலவு மூச்சில் தெரியாது.

ஓய்வுச் செலவைக் கழிக்க வேண்டுமா, வேண்டாமா? ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கிறது.
– பரமக்குடி

இரண்டும் சரி. எதைச் செய்தோம் என்று பக்கத்தில் எழுதாமல் விடுவதுதான் தவறு. மேலே சொன்ன ஆளுக்கு ஓய்வில் 84 வாட் என்று வைத்துக்கொண்டால், கழிக்காமல் 18.2, கழித்தால் 142 வகுத்தல் 695, அதாவது 20.4. மூன்றாவது வழியும் உண்டு. வேலை 80 வாட்டிலிருந்து 142-க்கு 62 வாட் ஏறும்போது, உடலின் செலவு 510-லிருந்து 779-க்கு 269 வாட் ஏறினால், கூடுதல் வேலையின் செயல்திறன் 23 சதவீதம். ஒரே ஆள், ஒரே காலைப்பொழுது, மூன்று எண்கள்.

80 வாட்டில் அதே ஆளின் மொத்தச் செயல்திறன் 15.7-தான் என்பதைக் கவனியுங்கள். வேலை குறைவாக இருக்கும்போது ஓய்வுச் செலவே பெரும் பங்கைத் தின்றுவிடுகிறது. அதனால் இரண்டு பேரை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே வாட்டில் ஒப்பிடுங்கள். ஒருவரை 100-லும் மற்றவரை 180-லும் வைத்து எடுத்த சதவீதங்களை அருகருகே போட்டுப் பேசுவதில் பயனில்லை.

ஒரே 140 வாட்டை நிமிடத்துக்கு 18 வலிப்பில் எடுப்பது மேலா, 28 வலிப்பில் எடுப்பது மேலா?
– இராமேசுவரம்

18-தான் மேல். நகரும் இருக்கையில் 18 முதல் 22-க்குள் செலவு குறைவாக இருப்பதற்குக் காரணம் உடம்பே ஒரு சுமை என்பதுதான். முழங்காலுக்குக் கீழே உள்ளதை விட்டுவிட்டால் 60 கிலோ என்று கொள்வோம். அது வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் அதன் இயக்க ஆற்றல் 30 ஜூல். ஒரு வலிப்பில் இரண்டு முறை அதைக் கிளப்பி நிறுத்த வேண்டும். நிமிடத்துக்கு 20 வலிப்பென்றால் அதற்கே 20 வாட். பின்னால் சாயும்போது கிளம்பிய ஆற்றலில் ஒரு பகுதி கைப்பிடிக்கு வந்து சேரும். முன்னால் வந்து நிறுத்தும்போது போவது பெரும்பாலும் தொடைத் தசையில் சூடாகிப் போய்விடும். 28 வலிப்பில் எண்ணிக்கையும் கூடுகிறது, போய்வரும் வேகமும் கூடுகிறது, வேகத்தின் வர்க்கம்தான் கணக்கில் சேரும்.

மிகக் குறைத்தாலும் ஆகாது. 12 வலிப்பில் 140 வாட் என்றால் ஒரு வலிப்புக்கு 700 ஜூல். அத்தனை கனமாக இழுக்கும்போது முதுகுக்குத்தான் கேடு.

இயந்திரம் இருக்கட்டும். எங்களிடம் வத்தை என்னும் சிறு படகுதான் இருக்கிறது. கடலில் வலிக்கும்போது எவ்வளவு பயனாகிறது என்று அளக்க வழி உண்டா? பெரிய செலவு செய்ய முடியாது.
– தேவிபட்டினம்

உண்டு. மற்றக் கேள்விகளைவிட இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

வத்தையை ஓட்டப் பயன்படும் வாட் என்பது, தண்ணீர் வத்தையைப் பிடித்து இழுக்கும் விசையை வேகத்தால் பெருக்கியது. விசையை அறிய வத்தையை இழுத்துப் பார்த்தால் போதும். வலிப்பவர் வத்தையில் தன் இடத்திலேயே உட்கார வேண்டும், தண்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் பூட்டிய வேறொரு வல்லம் 30 மீட்டருக்குக் குறையாத கயிற்றில் வத்தையை இழுக்கட்டும். கயிறு குட்டையாக இருந்தால் வல்லத்தின் பின்னால் கலங்கி ஓடும் நீரில் வத்தை மாட்டிக்கொண்டு விசை தவறாகக் காட்டும். வல்லத்தின் நடுவில் கட்டாமல் ஓரத்தில் கட்டினால் இன்னும் நல்லது. கயிற்றின் வத்தைப் பக்க நுனியில் 50 கிலோ வரை காட்டும் மின்னணுத் தூக்குத் தராசு ஒன்றைக் கோத்துவிடுங்கள், மீன் எடை போட வைத்திருப்பதே போதும். முதலில் 10 லிட்டர் தண்ணீர் நிரப்பிய கேனைத் தொங்கவிட்டு, கேனின் எடையோடு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தராசின் எண் ஆடிக்கொண்டே இருக்கும். கைப்பேசியில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து, ஐந்து வினாடிக்கு ஒரு எண்ணாகப் பன்னிரண்டு எண்ணை எழுதிச் சராசரி எடுங்கள்.

வினாடிக்கு 0.8, 1.0, 1.2, 1.4 மீட்டர் என்று நான்கு வேகத்தில் இழுத்து, வேகத்துக்கு எதிரே விசையைக் கட்டம்போட்ட தாளில் வரையுங்கள். கோடு மேல்நோக்கி வளையும். நேர்கோடாக வந்தால் தராசையோ வேகத்தையோ மறுபடி பார்க்க வேண்டும்.

இனி வலிக்கும் நாள். கரையில் இரண்டு குறி வைத்து 500 மீட்டரை வகுத்துக்கொள்ளுங்கள், அல்லது கைப்பேசியின் ஜி.பி.எஸ். போதும். போகும்போதும் வரும்போதும் ஒரே அளவு முயற்சியில் வலிக்க வேண்டும். கடலோடிகள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டத்தைக் கழிக்க இந்த இருதிசை ஓட்டம் கட்டாயம். போக 380 வினாடி, வர 455 வினாடி என்று வைத்துக்கொள்வோம். வேகங்கள் 1.316, 1.099. சராசரி 1.21 மீட்டர். நீவாடு 0.11.

இங்கே பலரும் 1,000 மீட்டரை மொத்த நேரத்தால் வகுத்துவிடுவார்கள். நீவாடு மெல்லியதாக இருந்தால் பெரிய வித்தியாசம் இல்லை. போக 300 வினாடி, வர 600 வினாடி ஆகும் நாளில் அப்படி வகுத்தால் 1.11 வரும், உண்மை 1.25. தேவையான வாட் ஏறத்தாழ வேகத்தின் முப்படியாக ஏறும். வேகத்தில் 11 சதவீதப் பிழை என்றால் வாட்டில் 30 சதவீதம் போய்விடும். அப்படிப்பட்ட நாளில் சோதனையைத் தள்ளிப்போடுவது நல்லது. பாம்பன் பாலத்தடியில் இந்த வேலையே வேண்டாம்.

1.2 மீட்டர் வேகத்தில் தராசு 6 கிலோ காட்டியது என்று கொள்ளுங்கள். 6-ஐ 9.8-ஆல் பெருக்கினால் 59 நியூட்டன். 1.2-ஆல் பெருக்கினால் 71 வாட். அதே வேகத்தில் வலிக்கும்போது ஆக்சிஜன் நிமிடத்துக்கு 1.6 லிட்டர் என்றால், லிட்டருக்கு 20.5 கிலோஜூல் வீதம் உடலின் செலவு 547 வாட். செயல்திறன் 13 சதவீதம். கணக்கு புரிவதற்காக எடுத்த எண்கள் இவை, உங்கள் வத்தைக்கு வேறாக வரும்.

இயந்திரத்தில் 18 காட்டிய ஆளுக்குக் கடலில் 13 வந்தால் பதற வேண்டாம். துடுப்பின் பலகை தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளித்தான் வத்தை முன்னே போகிறது. தள்ளப்பட்ட தண்ணீரோடு கொஞ்சம் ஆற்றல் போய்விடும். பந்தயத் துடுப்புகளிலேயே ஐந்தில் ஒரு பங்கு இப்படிப் போகும். குறுகிய பலகை வைத்த தண்டில் இன்னும் கூடும். வலிப்பின்போது வேகமாகவும் இடையில் மெதுவாகவும் போவதால் ஆகும் கூடுதல் செலவும் உண்டு. இழுத்துப் பார்த்த கணக்கில் அது வராது.

மூச்சுப் பையைக் கடலில் கொண்டுபோவது கடினம், காற்றில் பாய் மாதிரி விரியும். உடலில் மாட்டும் கையடக்கக் கருவி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பையை வத்தையின் அடியில் படுக்கவைத்து ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆளும் இழுவைச் சோதனையின்போது வத்தையில் இருந்திருக்க வேண்டும். எடை மாறினால் வத்தை அமிழும் ஆழம் மாறும், விசையும் மாறும். வத்தையின் அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் இழுவைச் சோதனைக்கு முன்னே சுரண்டிவிட்டால் வலிப்புச் சோதனைக்கும் அதே வத்தை, அதே வாரம் என்று இருக்கட்டும்.

ஒரு பாகத்துக்கு, அதாவது ஏறத்தாழ ஆறடிக்கு, குறைந்த ஆழம் வேண்டாம். உங்கள் ஊர்க் கரையில் ஆழம் குறைவு, கடற்புல்லும் அதிகம். தண்டின் நுனியில் புல் சுற்றினாலே அந்த ஓட்டம் வீண்.

எந்த மாதத்தில், எந்தப் பக்கம் சோதனை செய்யலாம்?
– தங்கச்சிமடம்

வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரை பாக் நீரிணைப் பக்கம் அலை புரளும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் போங்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றுக்கு இதையே திருப்பிக்கொள்ளுங்கள். எந்த மாதமானாலும் வெயில் ஏறிக் கடற்காற்று கிளம்புவதற்கு முன், காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். வளைகுடாப் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா எல்லை இருக்கிறது, அதற்குள் போகாதீர்கள்.

வாப்பாவுக்கு 61 வயது. எனக்கு 24, தினமும் எடை தூக்குகிறேன். ஒரே வத்தையில் இரண்டு பேரும் மாறி மாறி வலித்தால் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. வாப்பாவின் தசை என்னைவிடத் திறமாக வேலை செய்கிறதா?
– கீழக்கரை

தசை என்ற அளவில் உங்கள் இருவருக்கும் பெரிய வேற்றுமை இருக்காது. சாப்பாட்டின் ஆற்றலைத் தசை பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றும்போதே பாதிக்கு மேல் சூடாகிப் போகிறது. அதை இழுவையாக மாற்றும்போது மிச்சத்தில் இன்னொரு பாதி. கடைசியில் 25 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். அது உங்களுக்கும் வாப்பாவுக்கும் பொது.

வித்தியாசம் அசைவில் இருக்கிறது. கரையிலிருந்து பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வாப்பாவின் தண்டு தண்ணீரில் இறங்கும்போது நீர் தெறிக்காது. பலகை மூழ்கும் ஆழத்துக்கு இறங்கி, அந்த ஆழத்திலேயே போய், சட்டென்று எழும். பழகாதவர் தண்டை ஆழமாகக் குத்துவார், அப்போது பலகையோடு கழியும் சேர்ந்து தண்ணீரை உழும். அல்லது பலகை முழுதும் இறங்கும் முன்பே இழுக்கத் தொடங்குவார், முதல் ஒரு சாண் இழுவை வெறும் தெறிப்பாகப் போகும். அந்தத் தெறிப்பும் உங்கள் ஆக்சிஜன்தான்.

தோளைப் பாருங்கள். தண்டைத் திருப்பிக் கொண்டுவரும்போது வாப்பாவின் தோள் தளர்ந்து இறங்கியிருக்கும். உங்கள் தோள் காதருகே ஏறியிருந்தால், இழுக்கும் தசையும் எதிர்த்தசையும் ஒரே நேரத்தில் இறுகி ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. வேலை எதுவும் வெளியே வராது, செலவு மட்டும் ஏறும். வத்தையில் இருக்கை நகராது. கால் உந்துவதற்கு இடமே இல்லை என்று நினைத்துப் பலர் கையால் மட்டும் இழுக்கிறார்கள். குதிகாலை வத்தையின் குறுக்குச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, இடுப்பிலிருந்து சாய்ந்து, கையைக் கடைசியில் மடக்கிப் பாருங்கள். சிறிய கைத்தசைக்குப் பதிலாக முதுகும் பிட்டமும் சுமையை ஏற்கும், மூச்சு இரைப்பது குறையும்.

இருவரையும் ஒப்பிடச் சதவீதம் தேவையே இல்லை. ஒரே வத்தை, ஒரே வேகம், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் என்று பாருங்கள். வத்தைக்குத் தேவையான வாட் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். இருவரின் எடை அதிகம் வேறுபட்டால், எடை குறைந்தவர் வலிக்கும்போது தண்ணீர்க் கேன் வைத்துச் சரிக்கட்டுங்கள்.

கைக்கடிகாரம் இதயத் துடிப்பை வைத்துக் கலோரி சொல்கிறதே, அது போதாதா?
– ஏர்வாடி

செயல்திறன் கணக்குக்குப் போதாது. வெயிலில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் வலித்தால், வியர்வை போகப் போகத் துடிப்பு நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து ஏறும். ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு ஏறியிருக்காது. தோலுக்கு இரத்தம் அனுப்பி உடலைக் குளிர்விக்கவே இதயம் கூடுதலாக அடிக்கிறது. கடிகாரம் அதையும் வேலை என்றே எண்ணும். ஒரே ஆள் ஒரே நேரத்தில், ஒரே வெப்பத்தில் இன்று நேற்றைவிடச் சுலபமாக வலித்தாரா என்று பார்க்க மட்டும் துடிப்பு உதவும்.

செயல்திறன் 18 சதவீதம் என்றால் மிச்சம் 82 எங்கே போகிறது? வெயிலில் வலிப்பவர்களுக்கு இதனால் என்ன தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது?
– தொண்டி

சூடாகிறது, முழுவதும். 779 வாட்டில் 142 போக 637 வாட் உடலுக்குள் வெப்பமாகத் தங்கும். ஒரு மணி நேரத்தில் 2,290 கிலோஜூல். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 2,430 கிலோஜூலை எடுத்துப்போகும். ஆகவே ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் கணக்கு நேராகும். ஆனால் ஈரக்காற்றில் பாதி வியர்வை ஆவியாகாமல் சொட்டிவிடுகிறது. சொட்டிய வியர்வை குளிர்விக்காது. குளிர்விக்க வேண்டியதை ஈடுகட்ட உடல் இன்னும் வியர்க்கும். நேர்வெயில் உடலை மேலும் சூடாக்கும். காற்றே இல்லாத காலை நேரத்தில் வலிப்பவருக்குத் தென்றல் அடிக்கும் நேரத்தைவிட அதிகம் வியர்ப்பது இதனால்தான். சோதனைக்கு அமைதியான கடல் வேண்டும், உடம்புக்குக் காற்று வேண்டும். சோதனை ஓட்டத்தை 15 நிமிடத்துக்கு மேல் நீட்டாமல், இடையில் நிழலில் உட்காரவைத்து விசிறிவிட்டு நடத்துங்கள்.

தன் அளவைத் தானே அறிய எளிய வழி இருக்கிறது. வலிக்கப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, உள்ளாடையோடு எடை பாருங்கள். வந்ததும் உடம்பை நன்றாகத் துடைத்துவிட்டு அதேபோல் எடை பாருங்கள். 68.4 கிலோ போய் 67.2 வந்து, இடையில் அரை லிட்டர் தண்ணீர் குடித்திருந்தால், வியர்த்தது 1.7 லிட்டர். எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அடுத்த முறை கூடுதலாகக் கொண்டுபோக வேண்டும். 68 கிலோ ஆளுக்கு அந்த எல்லை 1.4 கிலோ. நீராகாரமோ மோரோ உப்புப் போட்டுக் கொண்டுபோனால் வியர்வையில் போன உப்பும் திரும்பி வரும். தலைசுற்றல், குளிர் நடுக்கம், பேச்சுக் குழறல் இதில் ஒன்று தெரிந்தாலும் தண்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, கடல் தண்ணீரை மொண்டு தலையிலும் நெஞ்சிலும் ஊற்றி, மற்றவர் வத்தையைக் கரைக்குக் கொண்டுவரட்டும். இந்தக் காரணத்துக்காகவே சோதனைக்கு ஒருவர் தனியாகப் போகக் கூடாது.